குப்பை மேட்டு வாயுவா, குப்பைப் புகையா: எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு குப்பை மேட்டிலிருந்து அரைக் கிலோமீற்றர் தள்ளி வசிக்கும் ஒரு தாயின் கேள்வி இது. மேட்டிலிருந்து வரும் வாயுவில் புற்றுநோயை உண்டாக்கும் சேர்வைகள் இருப்பதாக அவர் வாசித்திருக்கிறார். அது உண்மையா, சின்னப் பிள்ளைகளோடு அங்கே இருக்கலாமா, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா, குழாய் பதித்து வாயுவை எடுக்கச் சொல்லிப் பிரதேச சபைக்கு மனுக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

நீங்கள் வாசித்தது உண்மைதான். அந்தச் சேர்வைகள் வாயுவில் இருக்கின்றன. ஆனால் வன்னியில் நாம் காணும் மேடுகளைப் பொறுத்தவரை, உங்கள் பிள்ளைகள் சுவாசிக்கும் நச்சாவிகளில் பெரும்பங்கு மேட்டுக்குள்ளிருந்து கசியும் வாயுவால் வருவதல்ல, மேட்டில் வைக்கும் நெருப்பால் வருவது. ஆகவே மனு எழுதுங்கள், ஆனால் குழாயைக் கேட்காதீர்கள். நெருப்பை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கமும் ஒரு சின்னக் கணக்கும் தேவை.

புதைந்த குப்பைக்குள் முதல் சில நாட்களுக்கு ஒட்சிசன் இருக்கும். அது தீர்ந்ததும் ஒட்சிசன் இல்லாமல் வாழும் நுண்ணங்கிகள் வேலையைத் தொடங்கும். முதலில் அமிலங்களும் மதுசாரங்களும் உண்டாகும். புளித்த மணம் வீசும் கட்டம் அதுதான். பல மாதங்கள் போன பிறகே மெதேனை உண்டாக்கும் நுண்ணங்கிகள் நிலைகொள்ளும். அந்தக் கட்டத்தில் வாயுவின் ஏறத்தாழப் பாதி மெதேன், மீதியில் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு. நீங்கள் வாசித்த 'எளிதில் ஆவியாகும் சேதனச் சேர்வைகள்' எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு வீதத்துக்குக் குறைவு. அந்த ஒரு வீதத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சேர்வைகள் இருக்கும்: பென்சீன், தொலுயீன், சைலீன், வைனைல் குளோரைட்டு, இருகுளோரோமெதேன், தோடம்பழத் தோலின் மணத்தைத் தரும் லிமொனீன், அழுகல் நாற்றத்தைத் தரும் மேர்க்கப்டன்கள் என்று அந்த வரிசை நீளும்.

இவற்றில் பல, நாமே கொண்டுபோய்க் கொட்டுபவை. பெயின்ற் பேணியின் அடியில் கிடக்கும் மிச்சம், தின்னர் துடைத்த துணி, கராச்சில் எண்ணெய் ஊறிய மரத்தூள், நகப்பூச்சு, ஸ்பிரே பேணி, பழைய குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த வாயு. மேட்டுக்குள் சூடு ஏறும்போது இவை ஆவியாகின்றன. மெதேன் வெளியே வரும் வழியில், வண்டியில் ஏறிக்கொள்ளும் ஆட்களைப் போல அதனோடு சேர்ந்து வந்துவிடுகின்றன.

வன்னியில் இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: மருந்துப் போத்தல். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துகளில், தண்ணீரில் விட்டதும் பால்போல வெள்ளையாகும் வகை ஒன்று இருக்கிறதல்லவா? அதில் மருந்தைக் கரைத்து வைத்திருப்பது பெரும்பாலும் சைலீன் போன்ற ஒரு கரைப்பான்தான். வெறும் போத்தலின் மூடியைத் திறந்தாலும் சட்டென்று மூக்கில் ஏறும் அந்தக் காட்டமான மணத்தில் கரைப்பானுக்கும் பங்கு உண்டு. காலபோகம் என்ற மாரி நெற்செய்கை முடியும் வேளையில் வாய்க்கால் கரைகளில் எத்தனை போத்தல்கள் கிடக்கின்றன என்று பாருங்கள். அவற்றில் ஒரு பகுதி குப்பையோடு மேட்டுக்குப் போகிறது. இன்னொரு பகுதி வரம்பிலேயே எரிக்கப்படுகிறது. ஆலைகள் அதிகம் இல்லாத இந்த மண்ணில் கரைப்பான்கள் குப்பைக்குள் சேரும் வழிகளில் இதை முக்கியமானதாக நினைக்கிறேன். ஆனாலும் குப்பையைப் பற்றிய பேச்சில் இதை யாரும் எடுப்பதில்லை.

சில சேர்வைகள் மேட்டுக்குள்ளேயே பிறக்கின்றன. உலர்சலவைக்கும் இரும்பில் கிறீஸ் கழுவுவதற்கும் பயன்படும் குளோரீன் சேர்ந்த கரைப்பான்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்சிசன் இல்லாத இடத்தில் நுண்ணங்கிகள் அவற்றிலிருந்து குளோரீன் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. நான்கு குளோரீன் இருந்த சேர்வை மூன்றாகி, இரண்டாகி, கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சும்போது அது வைனைல் குளோரைட்டு. தொடங்கிய சேர்வையைவிட இதுதான் மோசமானது. பென்சீனும் வைனைல் குளோரைட்டும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான முதலாம் தொகுதியில், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வைத்திருக்கிறது. பென்சீன் இரத்தப் புற்றுநோயோடும், வைனைல் குளோரைட்டு ஈரலில் வரும் ஓர் அரிய புற்றுநோயோடும் தொடர்புடையவை. இந்தத் தொடர்பு முதலில் தெரியவந்தது தொழிற்சாலைகளில் வருடக்கணக்காக, மிக உயர்ந்த செறிவில் அவற்றைச் சுவாசித்த தொழிலாளர்களிடம்.

நாற்றத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. அழுகிய முட்டை நாற்றம் தரும் ஐதரசன் சல்பைட்டைக் காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். வைனைல் குளோரைட்டோ பத்து இலட்சத்தில் ஆயிரக்கணக்கான பங்காக ஏறும்வரை மூக்குக்குத் தெரிவதில்லை. அதனால் நாறும் நாளெல்லாம் நஞ்சு நாள் என்றும் இல்லை, நாறாத நாள் நல்ல நாள் என்றும் இல்லை. பிள்ளைகளுக்குத் தலையிடியும் குமட்டலும் வருவதற்கு நாற்றம் மட்டுமே போதும். அது உண்மையான துன்பம், முறையிட வேண்டிய துன்பம். ஆனால் அதைப் புற்றுநோயின் அறிகுறியாக எடுத்துப் பயப்பட வேண்டாம்.

சரி, நம் மேடுகளுக்கு வருவோம். குப்பை மேடு என்றதும் பலருக்கு 2017 ஏப்ரல் 14இல், புத்தாண்டு நாளன்று சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட மீதொட்டமுல்லைதான் நினைவுக்கு வரும். அது மலைபோல உயர்ந்து நின்ற மேடு. வன்னியில் நாம் பொதுவாகக் காண்பது அதுவல்ல. காட்டோரத்தில் அல்லது கைவிட்ட கிரவல் கிடங்கில், உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து கொட்டிப் பரப்பிய, இரண்டு மூன்று மீற்றருக்கு மேல் உயராத குப்பைதான். மாடும் யானையும் கிளறும், மண் மூடுவது எப்போதாவது நடக்கும். இப்படி ஆழமில்லாத மேட்டுக்குள் காற்று நன்றாகப் போய்வரும், மெதேன் குறையும். காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையேயான குழுவின் கணக்கு முறையில், குப்பையை முறையாகப் புதைத்து மூடும் நிலநிரப்பலில் வரும் மெதேன் 1 என்றால், ஐந்து மீற்றருக்குக் குறைந்த ஒழுங்கற்ற மேட்டில் வருவது 0.4தான்.

மழையும் இதில் சேர்கிறது. நமக்கு ஆண்டு முழுவதற்குமான மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் மேட்டின் மேற்படை பொருக்காகக் காய்ந்து வெடித்துக் கிடக்கும். அதனால் உக்குவதும் வாயு வருவதும் மாரியில் பொங்கிக் கோடையில் அடங்கும். கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் பழைய மேட்டுப் பக்கம் போனால் இதைக் கண்ணாலேயே காணலாம். பள்ளங்களில் தேங்கிய கறுப்புத் தண்ணீரில், சோறு கொதிக்கத் தொடங்கும்போது வருவதுபோலச் சின்னச் சின்னக் குமிழிகள் ஒரே இடத்திலிருந்து விடாமல் மேலே வந்து உடையும். தண்ணீர் சூடாக இராது. அந்தக் குமிழிகள்தான் நாம் பேசிக்கொண்டிருக்கும் வாயு.

இப்போது கணக்கு. ஒரு தொன் குப்பை நல்ல நிலநிரப்பலில் முழுவதும் உக்கினால் ஏறத்தாழ 100 கனமீற்றர் மெதேன் வரும் என்பது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் பயன்படுத்தும் பொது மதிப்பு. கூட வரும் காபனீரொட்சைட்டையும் சேர்த்தால் 200 கனமீற்றர் வாயு. ஆழமில்லாத நம் மேட்டுக்கு 0.4ஆல் பெருக்கினால் 80 கனமீற்றர். தொழிற்சாலை நச்சுக்கழிவு கொட்டப்படாத மேட்டின் வாயுவில் மெதேன் தவிர்ந்த சேதனச் சேர்வைகள், எல்லாவற்றையும் ஹெக்சேன் என்ற ஒரே சேர்வையாக எடுத்துக் கணக்கிட்டால், பத்து இலட்சத்தில் 595 பங்கு என்கிறது அதே முகவரகத்தின் கைநூல். அது ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ இரண்டு கிராம். ஆக, ஒரு தொன் குப்பையிலிருந்து வாயு வழியாக வருவது ஏறத்தாழ 160 கிராம். அதுவும் பல வருடங்களில், கொஞ்சம் கொஞ்சமாக.

அதே ஒரு தொன்னைத் திறந்த வெளியில் எரித்தால்? அதே கைநூல் சொல்வது 15 கிலோகிராம். கிட்டத்தட்டத் தொண்ணூறு மடங்கு. அதுவும் ஒரு பின்னேரத்துக்குள், நிலத்தோடு ஒட்டிய உயரத்தில், வீடுகளை நோக்கி. இவை அமெரிக்கக் குப்பைக்கான எண்கள். நம் குப்பையில் பாதிக்கு மேல் ஈரமான சாப்பாட்டு, மரக்கறிக் கழிவு. எல்லாம் எரியாது. சரி, பத்தில் ஒரு பங்குதான் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வாயுவைவிட ஒன்பது மடங்கு. போதாததற்கு, ஈரக்குப்பை கொழுந்துவிட்டு எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கும். ஒட்சிசன் போதாமல், சூடும் போதாமல் புகைவதுதான் இந்தச் சேர்வைகள் மிக அதிகமாக வரும் நிலை.

புகைக்குள் பென்சீன் இருக்கிறது, இன்னொரு புற்றுநோய்ப் பொருளான பியூட்டாடையீன் இருக்கிறது. பிவிசிக் குழாயோ வயர் உறையோ சேர்ந்து எரிந்தால் ஐதரசன் குளோரைட்டும் டயொக்சின் என்ற நஞ்சும் வரும். காபனோரொட்சைட்டும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும் இவற்றோடு சேரும். பிள்ளைகளுக்கு இழுப்பும் இருமலும் வருவதில் நுண்துகள்களின் பங்கு பெரியது. இரவில் ஒரு மணமும் வராத மேடு, யாரோ செப்புக் கம்பிக்காக வயர் எரித்த ஒரு மணித்தியாலத்தில் மாதக்கணக்கான வாயுவைவிட மோசமானதைக் கக்கிவிடும்.

உங்கள் வீடு மேட்டுக்கு எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. அது அரைக் கிலோமீற்றர் என்ற தூரத்தைவிட முக்கியம். வைகாசியிலிருந்து புரட்டாதிவரை சோளகம் தென்மேற்கிலிருந்து விடாமல் வீசும். குப்பை காய்ந்து எளிதில் பற்றுவதும் அந்த மாதங்களில்தான். ஆகவே மேட்டுக்கு வடகிழக்கே இருக்கும் வீடுகளுக்குத்தான் அதிகப் புகை. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று திசையை மாற்றிவிடும். அப்போது தென்மேற்குப் பக்கத்தவர்களின் முறை. காற்றில்லாத பனிக்கால விடியற்காலைகளில் குளிர்ந்த காற்று நிலத்தோடு படிந்து கிடப்பதால் முதல்நாள் வைத்த நெருப்பின் புகை மேலே ஏறாமல் வளவுக்குள் பரவும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் நேரமும் அதுவே. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து புகை வந்தது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுங்கள். அதிகாரிகளோடு பேசும்போது அந்தக் கொப்பி மிகவும் உதவும்.

வாயுவை முற்றாக மறந்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. அதன் நேரடி ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. காற்றில் 5 முதல் 15 வீதம்வரை மெதேன் இருந்தால் ஒரு தீப்பொறி போதும், வெடிக்கும். இங்கிலாந்தின் டார்பிஷயரில் லொஸ்கோ என்ற கிராமத்தில் 1986 மார்ச் 24இல் பக்கத்துக் குப்பை நிரப்பலிலிருந்து மண்ணூடே வந்த வாயு வெடித்து ஒரு வீடு முற்றாகத் தகர்ந்தது. அதற்கு முன் சில மணித்தியாலங்களுக்குள் வளிமண்டல அமுக்கம் மிக வேகமாக இறங்கியிருந்தது. வெளியே அமுக்கம் குறைந்தால் உள்ளே இருக்கும் வாயு வெளியே இழுபடும். நமக்கு அமுக்கம் இறங்குவது வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் மாரி நாட்களில். 2020 மார்கழியில் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரைகடந்த புரெவி போன்ற புயல்கள் வரும்போது அது இன்னும் கடுமையாக இருக்கும். அதே நாட்களில் நனைந்த மேற்படை வாயு மேலே வருவதை அடைத்துப் பக்கவாட்டில் தள்ளும். அரைக் கிலோமீற்றரில் இருக்கும் உங்களுக்கு இதனால் பயமில்லை. ஆனால் மேட்டுக்கு ஒட்டினாற்போல் கிணறோ, மலசலகூடக் குழியோ, கட்டிப் பூட்டிய அறையோ இருந்தால் அங்கே யாரும் இறங்கவும் கூடாது, தீக்குச்சி தட்டவும் கூடாது. மெதேன் இல்லாவிட்டாலும் காபனீரொட்சைட்டு தாழ்ந்த இடத்தில் தேங்கி மூச்சை நிறுத்திவிடும்.

குழாய் பதித்து எடுக்கும் வாயுவை எரித்து மின்சாரம் எடுப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாளுக்குப் பத்துத் தொன் குப்பை வரும் ஆழமில்லாத மேட்டில் அது நடக்காது. வாயு போதாது, வரும் வாயுவில் காற்றும் கலந்திருக்கும். ஷாம்பு, கிறீம்களிலிருந்து வரும் சிலொக்சேன்கள் என்ற சிலிக்கன் சேர்வைகள் எரிந்து மணல்போலப் படிந்து இயந்திரத்தையும் கெடுக்கும். அமெரிக்காவில் பெரிய மேடுகள் வாயுவைச் சேகரித்து எரிக்க வேண்டும் என்று 1996இல் சட்டம் வந்தபோது, மெதேன் தவிர்ந்த சேதனச் சேர்வைகள் வருடத்துக்கு 50 தொன் என்பதே எல்லை. 2016இல் புதிய மேடுகளுக்கு அதை 34 தொன்னாகக் குறைத்தார்கள். மேலே போட்ட கணக்குப்படி நாளுக்குப் பத்துத் தொன் கொட்டும் நம் மேடு வருடத்துக்கு 0.6 தொன்னைக்கூட எட்டாது. குழாய்க்குப் பணம் செலவழிப்பதைவிட அந்தப் பணத்தில் இன்னொரு உழவு இயந்திரம் வாங்கிக் குப்பையைத் தரம்பிரித்து ஏற்றலாம்.

மனுவில் இவற்றைக் கேளுங்கள். முதலாவது, நெருப்பு. 2017இல் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வந்த வர்த்தமானி அறிவித்தல், பிளாஸ்டிக் உட்படக் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதைத் தடைசெய்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பிரதியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்துக்கும் கொடுங்கள். நெருப்பை வைப்பது எப்போதும் சபை ஊழியர்களாக இருப்பதில்லை. பழைய இரும்பும் செப்பும் பொறுக்குபவர்கள், மாடு மேய்ப்பவர்கள், சில நேரம் கோடை வெயிலில் தானாகப் பற்றும் நெருப்பு என்று பல வழி. ஆகவே வேலியும் காவலும் சேர்த்துக் கேட்க வேண்டும். உள்ளே புகைந்துகொண்டிருக்கும் நெருப்புக்குத் தண்ணீர் பவுசர் ஒன்றை ஊற்றிவிட்டுப் போவதால் பயனில்லை. மேல் மட்டும் நனையும், அடியில் புகையும். அந்தப் பகுதியை வெட்டிப் பிரித்து, நனைத்து, மண்ணால் மூடி அமுக்க வேண்டும்.

இரண்டாவது, மண் மூடுவது. வாரம் ஒருமுறையாவது, ஒரு சாண் கனத்துக்கு. இங்கே கிரவல் தாராளமாகக் கிடைப்பதால் அதையே போடுவார்கள். தீயைத் தடுக்க அது போதும். ஆனால் வெறும் கிரவல் காய்ந்து வெடிக்கும், வாயு அந்த வெடிப்புகளால் வெளியேறும். மேலே கூட்டெரு கலந்த மண் ஒரு படை போட்டால் அதற்குள் மெதேனைத் தின்னும் பற்றீரியாக்கள் பெருகும். அவை மெதேனோடு சேர்த்து வைனைல் குளோரைட்டு, தொலுயீன் போன்றவற்றின் ஒரு பகுதியையும் சிதைத்துவிடும். ஒரு குழாயும் இல்லாமல், சபை தயாரிக்கும் கூட்டெருவிலேயே இதைச் செய்யலாம். விற்பனைக்கு எடுபடாத கரடுமுரடான எருவே இதற்கு நல்லது, காற்றுப் போக இடம் இருக்கும்.

மூன்றாவது, மருந்துப் போத்தல், பெயின்ற் பேணி, பற்றரி, ரயர் ஆகியவற்றைக் குப்பை வண்டியில் ஏற்றாமல் தனியாகச் சேர்ப்பது. கமக்காரர் அமைப்புகள் ஒவ்வொரு குளத்தடியிலும் இருக்கின்றன. போகம் முடிய ஒரு நாள் குறித்து, மூன்று தடவை அலசிய போத்தல்களைச் சாக்கில் சேர்ப்பது அவர்களால் செய்யக்கூடிய வேலை. அலசிய தண்ணீர் மருந்துத் தாங்கிக்குள்ளேயே போக வேண்டும், வாய்க்காலுக்குள் அல்ல.

உங்கள் வளவுக்குள்ளும் ஒன்று: கூட்டிய சருகோடு பொலித்தீனையும் லஞ்ச் சீற்றையும் சேர்த்து நெருப்பு வைத்தால், அதன் புகையும் மேட்டுப் புகையும் ஒன்றுதான். வீட்டு முற்றத்தில் இருப்பதால் அது பிள்ளைகளுக்கு இன்னும் கிட்ட.

கடைசியாகக் கிணறு. இங்கேயும் தூரத்தைவிடச் சரிவுதான் முக்கியம். மேட்டில் ஊறும் கறுப்புத் தண்ணீர் நிலத்தின் சாய்வோடு, பெரும்பாலும் கீழே இருக்கும் குளத்தையோ வாய்க்காலையோ நோக்கிப் போகும். உங்கள் கிணறு அந்த வழியில் இல்லையென்றால் கவலை குறைவு. இருந்தால் முதலில் மலிவான சோதனைகளைச் செய்யுங்கள்: மின்கடத்துதிறன், குளோரைட்டு, அமோனியா, நைத்திரேற்று, மலக்கிருமி. முதல் மூன்றும் அயல் கிணறுகளைவிட அதிகமாக இருந்தால் மட்டும் பென்சீன், வைனைல் குளோரைட்டுச் சோதனைக்குப் போனால் போதும். அது செலவான சோதனை. குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம், வைனைல் குளோரைட்டுக்கு 0.3.

தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். கண்ணாடித் துண்டுபோல உடைந்து பிரிந்து நின்றால் அது இரும்புப் பற்றீரியா, எண்ணெய் அல்ல. உடையாமல் சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். அப்போது குடிப்பதை நிறுத்திவிட்டு உடனே சோதியுங்கள்.

சோதனைக்குத் தண்ணீர் எடுப்பதில்தான் பலருடைய பணம் வீணாகிறது. சோடாப் போத்தலில் முக்கால்வாசி நிரப்பி, பஸ்ஸில் வெயிலோடு கொண்டுபோனால், தேடுகிற சேர்வை வழியிலேயே பறந்துவிடும். ஆய்வுகூடத்திடம் இதற்கென்று இருக்கும் 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பிகளை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கிணற்றுத் தண்ணீரைக் குமிழி வராமல் மெதுவாக, விளிம்பில் முட்டும்வரை ஊற்றி மூடுங்கள். தலைகீழாகப் பிடித்துத் தட்டும்போது உள்ளே ஒரு குமிழி தெரிந்தாலும் மறுபடி நிரப்ப வேண்டும். ஐஸ் பெட்டிக்குள் வைத்து அன்றே அனுப்புங்கள். எங்கே சோதிக்கலாம் என்பதற்கு, அறிவியல்நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ முதலில் விசாரியுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் கொழும்பில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தைக் கேளுங்கள். மாதிரியை இரண்டு தடவை எடுங்கள்: ஒன்று புரட்டாதியில் கிணறு வற்றிக் கிடக்கும்போது, மற்றது மாரி மழையில் நீர்மட்டம் ஏறிய பிறகு.